நோவு காட்டும் பல்

வாவுபலி முடிந்த வாரம் வந்தது அந்தச் சத்தம்.
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே எனக்க கடை.
மேலே பஸ் போனால்
தட்டில் கிடக்கிற போல்ட்டெல்லாம் நடுங்கும்.
அந்த இரைச்சலுக்குள் ஒரு 'கறுக்'கைத்
தேடித் தரச் சொல்லி
இருபத்திநாலு கிலோ பேட்டரி மலைச்சைக்கிளைத்
தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்
பல் டாக்டர் ஷீபா ரோஸ்.

"மோட்டார்தான். திருவனந்தபுரத்துல பாத்தாச்சு.
எம்பத்திரெண்டாயிரம்."
சொல்லும்போது கை தன் கன்னத்துக்குப் போயிற்று.

இங்க வச்சு ஒண்ணும் கேக்காது என்றேன்.
ஸ்டாண்டில் தூக்கிச் சுற்றினால்
ஆல்டர் பையன் மாதிரி அடங்கி நிற்கும்.
ஏற்றம் வேணும், ஆள்பாரம் வேணும்,
கொஞ்சம் அமைதியும் வேணும்.

ஞாயிறு. மழை விட்டிருந்தது.
கடையாலுமூடு தாண்டி ரப்பர் தோட்டத்துச் செம்மண் ஏற்றம்.
வெட்டு இல்லாத காலை,
சிரட்டைகள் கவிழ்ந்தே இருந்தன.
ஏறி மிதித்தேன்.

கறுக்.

வலது கால் கீழே இறங்கும்போது, சுற்றுக்கு ஒன்று.
மிதிப்பதை விட்டேன், இல்லை.
எழுந்து நின்று மிதித்தேன், இருக்கிறது;
சீட்டும் சீட்டுக் கம்பியும் பிழைத்தன.
கைப்பிடியை இழுக்காமல்
விரல்நுனியால் தொட்டு மிதித்தேன், இருக்கிறது.
மோட்டாரை அணைத்தேன்.
தொடை எரிந்தது. சத்தம் போகவில்லை.
அதற்காக மோட்டார் நல்லவன் என்று ஆகிவிடாது,
அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் உண்டே.
அவற்றையும் கழற்றித் துடைத்து முறுக்கினேன்.
கறுக்.
எனக்க பழைய பெடலை மாட்டிப் பார்த்தேன்.
சவம், கறுக்.

பக்கத்திலேயே குனிந்தபடி ஓடிவந்த அஜின்
மூச்சு வாங்கச் சொன்னான்:
"அண்ணா, நடுவுலதான் கேக்குது."
டாக்டர் என்னைப் பார்த்தார்.
எண்பத்திரண்டாயிரம் ரூபாய்ப் பார்வை.

"டாக்டரே, கீழ்ப்பல் கெட்டவன்
மேல்பல்லைக் காட்ட மாட்டானா உங்ககிட்ட?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"காட்டுவான். சத்தியம் பண்ணுவான்."
"அப்பம் நீங்க?"
"ஒவ்வொண்ணா தட்டிப் பாப்பேன்."

இதுவும் பொள்ளை எலும்புதான், அலுமினியம்.
வாலில் தட்டினால் வயிற்றில் கேட்கும்.

பின்சக்கரத்து அச்சை உருவினேன்.
மரையில் கறுப்பு மசி.
விரலில் தேய்த்தால் நறநறத்தது.
"கடலுக்குப் போனீங்களா?"
"தேங்காப்பட்டணம். அமாவாசை அன்னிக்கு.
மணல்ல சும்மா கொஞ்ச தூரம்…"
சத்தம் கேட்டது அதற்கு மறுநாளிலிருந்துதான்
என்பதை அவரே பாதியில் கண்டுகொண்டு
வாயை மூடினார்.

துடைத்தேன். துளையையும் துடைத்தேன்.
சுண்டுவிரல் நுனிக்கு கிரீஸ்.
பன்னிரண்டு நியூட்டன் மீட்டரில் ரெஞ்ச் 'டக்' என்றது,
நான் கேட்க விரும்பிய ஒரே சத்தம்.

அவரையே ஏறச் சொன்னேன்.
வளைவு வரை போனார். மறைந்தார்.
இலையிலிருந்து இலைக்கு
மழைத்தண்ணி சொட்டுவது மட்டும் கேட்டது.
அஜின் தலையைச் சாய்த்து நின்றான்,
இன்னும் நம்பாமல்.

நூற்றிருபது ரூபாய்.
"எடுத்த பார்ட் எங்க?" என்று கேட்டார்.
எதுவும் எடுக்கவில்லை.
கையிலிருந்த கந்தல்துணியைக் காட்டினேன்,
நடுவில் ஒரு சிட்டிகைக் கறுப்பு.
அதை வாங்கி நாலாய் மடித்து
கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.
யாருக்குக் காட்டவோ.

வியாழக்கிழமை போன்.
"இப்பம் இன்னொரு சத்தம்.
மிதிக்காம விட்டா டிகடிகடிகடிகன்னு."
"அது ஃப்ரீவீல், டாக்டரே.
வாங்குன அன்னையிலிருந்து இருக்கு."
"நான் கேட்டதே இல்லையே."

மறுமுனையில் ஏதோ மெஷின்
ரீங்காரித்து நின்றது.
ஒருத்தர் வாயைத் திறந்தபடியே
காத்துக் கிடக்கிறார் போல.

"அப்படியே விட்டுரலாமா?" என்றார்.
விடுங்க என்றேன்.
மேலே கொல்லம் பஸ் போயிற்று,
தட்டில் போல்ட்டெல்லாம் நடுங்கின.